நிலாவின் முதுகு

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து மழை. வியாழக்கிழமை நியாலாஸ் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் விழா. ஒத்திகைக்கு: சலங்கை 2 ஜோடி, ஸ்பீக்கர், முட்டித் தைலம்.

'பூமியும் நிலாவும்' இருபது வருடமாக நான் ஆடவைக்கும் உருப்படி. பாதி பரதம், பாதி அறிவியல் பாடம். இன்று ஐந்தாம் ஆண்டு யாழினி, நிலா வேடக்காரி, பாதியில் நின்றுவிட்டாள்.

"டீச்சர், நிலா பூமிக்கு ஒரே பக்கத்தத்தான் காட்டும்னு புக்ல இருக்கு. நான் முன்னாடி வர்றப்ப ஆடியன்ஸப் பாக்குறேன். பூமிக்கு என் முதுகுல்ல தெரியுது? தப்புலா டீச்சர்."

சபைக்கு முதுகு காட்டக் கூடாது. சின்ன வயதிலேயே காலில் ஊறிய பழக்கம். பெயர்தான் அறிவியல் டீச்சர். வெட்கம்.

ஜூலை 8, செவ்வாய்
வெயில். துணி காய்ந்தது. நாள் முழுக்க மெர்லிமாவ் ரப்பர் எஸ்டேட் நினைப்பு.

எஸ்டேட் மண்டபத்தில் என் முதல் வகுப்பு. தகரக் கூரை, மழை பெய்தால் ஜதி கேட்காது. பால்மரம் வெட்டிவிட்டு வந்த அம்மாக்கள் வாசலிலேயே நின்று பார்ப்பார்கள். என்ன சந்தோஷமான நாட்கள்!

முதல் நிலா வசந்தி. பத்து வயது. நான் சொல்லித் தராமலே பூமியைப் பார்த்தபடி சுற்றினாள், சபைக்கு முதுகைக் காட்டி. "மேடை மரியாதை தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். "நிலா பூமியத்தானே டீச்சர் பாக்கணும்?" என்றாள். வாய் பேசுகிறாள் என்று நிலாவை வேறு பிள்ளைக்குக் கொடுத்தேன். அதோடு அவள் வகுப்புக்கு வரவில்லை.

அவள் சொன்னதுதான் சரி.

ஜூலை 9, புதன்
உருப்படியை மாற்றியாச்சு; முன்னால் வரும்போது நிலா சபைக்கு முதுகு காட்டும். தலைமையாசிரியர் முகம் சுளித்தார்.
"பேரண்ட்ஸ் என்ன சொல்வாங்க டீச்சர்?"
"நிலாவப் பத்திப் பேசட்டுமே சார்."

வசந்தி நம்பர் கிடைத்தது. கிளேபாங் கடற்கரையில் தேங்காய் ஷேக் கடை வைத்திருக்கிறாளாம். போன் பண்ணவில்லை. பயம்.

ஜூலை 10, வியாழன்
விழா நன்றாக நடந்தது. யாழினி முதுகைக் காட்டியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்து நேராகக் கிளேபாங்.

வசந்தி பார்த்ததும் கண்டுகொண்டாள். ஸ்டூல் போட்டாள். நிலா விஷயத்தைச் சொன்னேன். "நீ அன்னிக்கு ஆடுனதுதான்மா சரி. தப்பு என்னோடது."

பிளெண்டரை நிறுத்தினாள். 

"டீச்சர எதுத்துப் பேசி கெட்ட பேரு வாங்கிட்டேன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க, டீச்சர். அவங்க இருக்கப்ப வந்திருக்கலாம்லா."