மாஸ்டர் நிறுத்திய இடம்

சேசு மரி சூசை துணை

கடத்தூர்,
10-3-86

அன்புள்ள என்னவருக்கு,

இசபெல்லா எழுதிக்கொள்வது. நானும் செசிலியும் இங்கே சுகம். அங்கே மணல் காற்று குறைந்ததா, உங்கள் கண் எரிச்சல் விட்டதா என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முழுக்க முழுக்க ஏகாம்பரநாதன் மாஸ்டரைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். உடம்பு தேறிவிட்டாரா, மறுபடி இசையமைக்கிறாரா, புதுப்படம் நம் ஊருக்கு வந்ததா என்று. கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரே வரி. எனக்குக் கோபமில்லை. கேட்கப் பயமாக இருக்கும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது. அதனால் நானும் மாஸ்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் முகாமுக்குத் தமிழ்ப் பத்திரிகை எதுவும் வராது என்பதால் படித்ததை அப்படியே சொல்கிறேன். மாஸ்டர் எழுந்துவிட்டார். வலது கை இன்னும் சரியாக வரவில்லையாம். இடது கையாலேயே வாத்தியக்காரர்களுக்குச் சைகை காட்டுகிறாராம். ரசிகர்கள் கார்டு போட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். பதில் எழுதக் கை வரவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் போன வருடம் போட்ட கார்டுக்குப் பதில் வராததற்குக் காரணம் இதுதான். படுத்த படுக்கையாக இருந்தபோது வீட்டில் ரேடியோகூட வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அத்தனை காலமும் சத்தமே இல்லாத ஓர் அறையில் இருந்திருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பத்திரிகையை மூடி வைத்துவிட்டு செசிலியைத் தூக்கிக்கொண்டேன்.

புதுப்படம் நம் சினிமாக் கொட்டாய்க்கு வந்தது. போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் மைக் கட்டிய வண்டி தெருவெல்லாம் சுற்றியது. போஸ்டரில் மாஸ்டர் பெயர் கீழே ஓரத்தில் இருக்கிறது. பசை தடவுவதற்குள் ஒன்றைக் கேட்டு வாங்கி, மடிக்காமல் சுருட்டிப் பீரோவின் மேல் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கே தெரியும், இந்த வீட்டில் இருந்துகொண்டு நான் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கொட்டாயின் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர், அதற்குப் பின்னால் நம் கொல்லைச் சுவர். படம் பார்க்காமலே எத்தனை படத்தின் பின்னணி இசையை மனப்பாடமாக வைத்திருக்கிறேன்! பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கிழிக்கும் ராஜாமணி அக்கா அன்றைக்குக்கூட, “ஏங்கம்மா, ஒரு நாளாவது உள்ள வந்து பாருங்களேன். ஓசியிலயே காத வெச்சுக் கேக்கறீங்க. செவுத்துக்கு ஒரு டிக்கெட்டு போட்டுரட்டுமா?” என்று சிரித்தாள்.

இனி குழந்தையைப் பற்றி.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தை மாதமே எழுதியிருந்தேன். அது அப்படியேதான் இருந்தது. போன மாதம் தர்மபுரிக்குக் கூட்டிப் போனேன். காது டாக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினார், மணி ஆட்டினார், கடைசியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தார். வெளியே பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் பதறி எட்டிப் பார்த்தார்கள். நம் செசிலி என் முந்தானையில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, வேலூரில் மெஷின் வைத்துப் பார்ப்பார்கள், போய் வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அவள் காது மடலைத் தொட்டுக்கொண்டே வந்தேன். சங்கீதத்துக்குப் பாதுகாவலியான புனிதையின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் அடம்பிடித்தோமே, அதை நினைத்தேன்.

பெரிய அண்ணி இன்னாசியம்மாள் அந்தோணியார் கோயிலுக்கு உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தார்கள். வந்து சும்மா இருந்தார்களா? “படிச்சவ ஒரு தாலாட்டு பாடியிருந்தா புள்ள திரும்பிப் பாத்திருக்கும். கொட்டாய்க்காரன் பாட்டுல வளத்தா யாருன்னு திரும்பும்?” என்றார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அண்ணியைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் பேச்சு பிறகு எனக்கு வேண்டியிருந்தது, அதற்காக எழுதுகிறேன்.

படம் போட்ட முதல் நாள் சாயங்காலம். கொல்லையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் குழந்தையை என் பக்கத்தில் கிடத்தினேன். முதல் ஆட்டம் தொடங்கும்போதே தூங்கிவிட்டாள். உங்களுக்கு எழுத வேண்டுமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது! பொம்மிடி ஸ்டேஷனில் நீங்கள் ரயிலேறின அன்று, மலைப்பக்கம் எங்கோ வண்டி வருகிறது என்று முதலில் தண்டவாளத்துக்குத் தெரிந்து, பிறகு காற்றுக்குத் தெரிந்து, அதற்கப்புறம்தானே நமக்குத் தெரிந்தது? மாஸ்டரின் வயலின்கள் இந்தப் படத்தில் அப்படித்தான் வருகின்றன. வந்துகொண்டே இருக்கின்றன, வந்து சேர்வதே இல்லை. அதன் மேல் ஒரு புல்லாங்குழல், புளியமரத்து நிழல் தரையில் அசைவதுபோல. கட்டில் ஆற்றில் மிதப்பதுபோல இருந்தது எனக்கு.

இடைவேளைக்குப் பிறகு ஓர் இடம். ஊரைவிட்டுப் போனவன் திரும்பி வந்து வீட்டு வாசலில் நிற்கிறானாம். ராஜாமணி அக்காதான் சொன்னாள். மற்றவர்களாக இருந்தால் அங்கே அத்தனை வாத்தியத்தையும் முழக்கியிருப்பார்கள். மாஸ்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பேச்சில்லை, இசையில்லை, ஒன்றுமில்லை. கொட்டாயில் ஒருவர்கூட இருமவில்லை. ரீல் மாற்றும்போதுகூட நம் கொட்டாய் அப்படி இருந்ததில்லை. விசிலும் முறுக்குக்காரர் கத்தலுமாகத்தானே இருக்கும்!

அந்த அமைதியில் செசிலி கண்ணைத் திறந்தாள்.

சுவர்ப் பக்கமாகத் தலையைத் திருப்பினாள். எதையோ பறிகொடுத்தவள்போலப் பார்த்தாள். உதடு பிதுங்கி, அழப்போகிறாள் என்று நினைத்தேன். வீணை ஒற்றையாக எழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தற்செயலாக இருக்கும் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். மறுநாளும் அதே இடத்தில் விழித்தாள். அதற்கடுத்த நாள் எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அண்ணியை வரச்சொல்லிக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு, நான் அடுப்படியில் வெறும் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டு நின்றேன். வயலின் வந்தது. புல்லாங்குழல் வந்தது. எல்லாம் நின்றது. “ஏ இசபெல்லா! முழிச்சிக்கிட்டாடீ! செவுத்தப் பாக்கறாடீ!” என்று அண்ணி போட்ட சத்தத்தில் கொட்டாயே திரும்பியிருக்கும். சிலுவை போட்டுக்கொண்டு அழுதுவிட்டார்கள். நானும்தான்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பகலெல்லாம் எதிர்வீட்டு மாவு மில், பொழுது சாய்ந்தால் கொட்டாய்க் குழாயில் பாட்டு, அப்புறம் இரண்டு ஆட்டம். துப்பாக்கி, இடி, குதிரை, கூச்சல், இவைதான் அவளுக்குத் தாலாட்டு. அண்ணி திட்டினது அப்படியே சரியாகிவிட்டது பாருங்கள். டாக்டர் தட்டை அடித்தபோது, இதுவும் ஏதோ ஒரு படம் என்று இருந்துவிட்டாளோ? இரண்டாம் ஆட்டம் விட்டு ஊர் அடங்கினதும் தினமும் எழுந்து அழுவாளே, அதைப் பசி என்று நினைத்துப் பாலைக் கொடுத்துக்கொண்டிருந்தேனே. சத்தம் அவளுக்குக் காற்று மாதிரி. நின்றால்தான் தெரிகிறது.

இப்படியெல்லாம் எழுதுகிறேனே தவிர, பயம் போகவில்லை. சுவர் அதிர்வது நின்றதால் விழித்தாளோ, கட்டில் வழியாக உடம்புக்குத்தான் தெரிந்ததோ என்று உடனே ஒரு நினைப்பு வருகிறது. படித்த புத்திக்கு ஆசைப்படவும் தெரியவில்லை, அடங்கவும் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமையோடு படம் மாறிவிட்டது. புதிதாக வந்ததில் ஒரு நொடி ஓய்வில்லை. அவள் அசையாமல் தூங்குகிறாள். வேலூருக்கு ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யப்போகிறேன். குருத்து ஞாயிறு முடிந்ததும் குழந்தையோடு நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் அம்மா ஊருக்குப் போகிறேன். அங்கே கொட்டாயும் இல்லை, மில்லும் இல்லை. பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணியையும் நிறுத்திவிடுவார்கள்; பெரிய வெள்ளியன்று மணிக்குப் பதில் மரக்கட்டைதான் தட்டுவார்கள். அந்த அமைதி அவளுக்குப் பழகட்டும். ஈஸ்டருக்கு முந்தின இரவு பாஸ்காத் திருவிழிப்பில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது, நிறுத்தி வைத்த மணிகளை எல்லாம் சேர்த்து அடிப்பார்கள் அல்லவா? அப்போது அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மணிக்கூண்டிலிருந்து தள்ளி, அதிர்வு எட்டாத மண் தரையில் நிற்பேன். திரும்புகிறாளா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள். எப்படியாவது லீவு கேளுங்கள். வேலூருக்குத் துணைக்கு மதலைமுத்து கொழுந்தனார் வருகிறேன் என்கிறார், அதற்காகக் கூப்பிடவில்லை. மாஸ்டர் படமென்றால் மூன்றாவது தடவை போய், இசையை மட்டும் கேட்கக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவீர்கள். “காசு குடுத்துத் தூங்கப் போறாரு பாரு” என்று கொழுந்தனார் கேலி செய்வாரே. அன்றைக்கு மட்டும் நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். மணி அடிக்கும்போது நான் மூடிக்கொள்வேன். பார்த்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் வேண்டும்.

ஆண்டவர் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள் வரவை எதிர்நோக்கும்,
இசபெல்லா