நிற்காத தறி

நர்ஸம்மா,

நேற்று சுகாதார நிலையத்தில் என் மானம் போனது. ஏழு மாத வயிற்றோடு இருக்கும் தங்கையைச் சோதனைக்கு அழைத்துப்போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு, தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டார். "நல்லா தூங்கறா, நல்லா இருக்கறா" என்றேன் நான். அந்த நர்ஸ் தாளிலிருந்து நிமிராமலே, "வயித்துல கொழந்த உங்களுக்காண்ணே?" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது. பத்து வருடத்துக்கு முன் என் வீட்டில் நீங்கள் கேட்ட அதே கேள்வி, நான் சொன்ன அதே பதில். எட்டாவதோடு நின்றவனுக்குப் பாடம் அவ்வளவுதான் ஏறும்.

அப்போது பையன் பிறந்து ஒரு மாதம். என் மனைவி சாப்பிடுவதில்லை. குழந்தை அழுதாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். திருஷ்டி என்று நான் மிளகாய் சுற்றிப் போட்டேன். "நாங்கள்லாம் பெக்கலியா?" என்றாள் என் அம்மா. களம்பூரிலிருந்து வண்டியில் வந்த நீங்கள் குழந்தையை எடை பார்த்தீர்கள். தராசை மடித்துவிட்டு என் மனைவியையும் பார்த்தீர்கள்.

எங்கள் வீடு ஒரே கூடம், பாதி தறிக்கு. தனியாகப் பேச இடமேது? அம்மாவைப் பேரனோடு வாசலுக்கு அனுப்பினீர்கள். என்னைத் தறிக்குழியில் இறங்கச் சொன்னீர்கள். "நீ பாட்டுக்கு நெய்ஞ்சிகினு இருப்பா. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத." தறிச் சத்தத்தில் பக்கத்துப் பேச்சு கேட்காது என்பது நெய்கிற எனக்கும் தெரியும். அதற்குள் ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பேசவைக்கலாம் என்பது உங்களுக்குத்தான் தோன்றியது.

மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றதும், "பைத்தியக்கார டாக்டரா?" என்று கேட்டேன். "ஜுரத்துக்குப் போனா ஜுரக்கார டாக்டரா?" என்றீர்கள். ஊர் வாய்க்குப் பயந்தேன். அதற்கும் வழி வைத்திருந்தீர்கள்: குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளிலேயே ஆரணி பெரியாஸ்பத்திரியில் டாக்டரையும் பார்ப்பது, யார் கேட்டாலும் ஊசி என்பது. நீங்களும் அவளோடு வரிசையில் நின்றீர்கள். வாரம் தவறாமல் போன் செய்தீர்கள். நான் நலம் சொல்ல வாயெடுத்தால், "போன அவ கையில குடு" என்பீர்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள், தறியில் உட்காராமல் டீக்கடையில் கதையடித்ததற்காக அவள் என்னைக் கிழி கிழியென்று திட்டிக் கிழித்தாள். ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். "அப்ப சரியாயிகினு வருது" என்றீர்கள்.

போன மாதம் உங்கள் சாவுக்கு வந்தோம். பிள்ளைகளோடு நின்றிருந்த பெண்களைப் பார்த்த பிறகுதான், எத்தனை வீட்டில் தறியை ஓடவிட்டிருக்கிறீர்கள் என்று புரிந்தது. நேற்றும் அந்தச் சிரிப்பு அடங்கியதும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். தங்கை வெகுநேரம் பேசினாள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று கிளம்பும்போது, "பரவால்லயே, நிறுத்தாம நெய்ஞ்சியே" என்று மெச்சினீர்கள். உண்மையில் பாதியிலேயே, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்துவிட்டது. நூல் சுற்றித் தருகிறவள் உங்கள் பக்கத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தாள். தறி நின்ற அந்த ஒரு மூச்சில் அவள் குரல் கேட்டது. "நான் இல்லன்னாலும் கொழந்த வளந்துடும் இல்ல, நர்ஸம்மா?"

அவள் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று, நூலில்லாத தறியையே அடித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அன்று ஒரு விரற்கடைகூட நெய்யவில்லை. எனக்கும் கேட்டது என்று உங்களிடம் சொல்லவில்லை. அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.