கிளச்சில் யார் கால்

ஜூன் 3, செவ்வாய்

விடியும் முன்பே மழை. மாவு பிழிந்து பிழிந்து கை வலி.

சுரேஷ் இன்றும் லேட். வேன் என்னுடையது, இடியாப்பம் என்னுடையது, ஓட்டுவது மட்டும் கொழுந்தன். ஆறரைக்குள் கழக்கூட்டம் லேடீஸ் ஹாஸ்டலில் இறங்க வேண்டிய பாத்திரம் ஏழு தாண்டி இறங்கியது. வார்டன் மேடம் போனில்: "வடிவு சேச்சி, குட்டிகள் பட்டினியா வேலைக்குப் போகுது. இனியும் லேட்டானா நான் வேற ஆளை நோக்கும்." பதில் சொல்லும் முன் வைத்துவிட்டார்.

சு. சொன்ன காரணம் டயர். போன வாரம் வயிறு. டயரை அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

வார்டன் நம்பர் சு.விடமும் இருக்கிறது. எதற்கு? ஆர்டரைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறானோ. ஹாஸ்டல் போய்விட்டால் ஆரியசாலைக் கடைகளை மட்டும் நம்பி அடுப்பு மூட்ட முடியாது. லைசன்ஸ் வேண்டும். சீக்கிரம் வேண்டும்.

மாலை டிரைவிங் கிளாஸ். பிஜு ஆசான் வழக்கம்போல "சேச்சி சூப்பர்." இந்த ஆளுக்கு வேறு வார்த்தையே கிடையாதா?

வாங்க: அரிசிமாவு, ஏலக்காய், ஒரு குடை. என் குடையை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

தூறல்.

கிளாஸில் ஆர்யா என்று ஒரு காலேஜ் பெண். அவள் ஓட்டும்போது நான் பின் சீட், நான் ஓட்டும்போது அவள். அவள் கையில் வண்டி தெருவுக்குத் தெரு அணைகிறது. ஒரு குதி, ஒரு உறுமல், நின்றுவிடும். ஆசான் திட்டு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்புவாள்.

என் கையில் ஒருமுறைகூட அணைந்ததில்லை. மூன்று வாரமாக.

வரும் வழியெல்லாம் இதே யோசனை. அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். நான் ரோடு கடக்கவே யாராவது கையைப் பிடிப்பவள். இந்த வீட்டில் எனக்குப் பேரே பேடித்தொண்டி, பயந்தாங்கொள்ளி. மலையாளத்தில் சொன்னால் செல்லமாக இருக்குமாம். அப்படிப்பட்டவள் ஓட்டி அணையாத வண்டி எங்கே இருக்கிறது?

கிளச்சு மிதி வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. அதுவும் சரியாகப் படவில்லை.

"இன்னைக்கு எப்படி ஓட்டுன?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்காமலே ஜிலேபி வேறு வாங்கி வந்திருக்கிறார். பேங்க் லோனுக்குக் கையெழுத்துப் போட வைத்த அன்றுதான் இதற்கு முன் ஜிலேபி வந்தது.

ஜூன் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

கிள்ளிப்பாலம் சிக்னல், சிவப்பு. கியர் போட்டு, கிளச்சை மிதித்து நிற்கிறேன். ஆசான் போனில் யாருடனோ பேச்சு. என் காலை மெல்ல எடுத்தேன். முழுசாக. வண்டி குதித்து அணைந்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தேன். என் கால் அந்தரத்தில், மிதி மட்டும் கீழேயே கிடக்கிறது.

ஆசான் பக்கமும் இரண்டு மிதி உண்டு, அவசரத்துக்கு. அதன்மேல் அவர் கால்.

மூன்று வாரம் ஓட்டியது நான் இல்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். இந்த அழகில் டெஸ்டுக்குப் போனால் தனியாக ஏறி H எழுத்து வடிவில் வண்டியை எடுக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே முன்னும் பின்னும். பக்கத்தில் ஆசானும் இல்லை, அவர் காலும் இல்லை. முதல் அடியிலேயே அணைந்திருக்கும். ஊர் சிரித்திருக்கும்.

யார் ஏற்பாடு? சு.வும் ஆசானும் பழவங்காடிப் பக்கம் டீ குடித்ததைப் பார்த்திருக்கிறேன். நான் தோற்றால் யாருக்கு லாபம்? சாவி யார் கையில் இருக்கும்? இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

சு. சாப்பிட வந்தான். "மதினி, டெஸ்டு எப்ப?" முகத்தையே பார்த்தேன். "ஏன், சாம்பார்ல ஏதும் விழுந்துட்டா?" என்று தட்டைப் பார்த்தான். நடிக்கிறான்.

ஜூன் 9, திங்கள்

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று வண்டியில் ஏறியதும் கேட்டேன். "ஆசானே, கிளச்சுல யார் கால்?"

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"சேச்சி தப்பா நினைக்கண்டா. சேட்டன்தான் பறஞ்ஞது. அவ ரொம்ப பேடிக்கும், காலை எடுத்துடாதே, ரெண்டு கிளாஸ்ல அவளே வர்றத நிறுத்திடுவான்னு."

எந்தச் சேட்டன்? சுரேஷா?

"சுரேஷ் அல்ல. சேச்சியோட ஹஸ்பண்ட்."

சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆசான் சும்மா இருந்திருக்கலாம். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார். "சேட்டனும் பண்டு நம்மட ஸ்கூல்ல சேர்ந்நதா. நாலு கிளாஸ். ஆட்டக்குளங்கரைல ஒரு லாரி ஹார்ன் அடிச்சு, இறங்கிப் போயி. பின்னே வந்நில்ல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியாது.

இனிமேல் காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைக்க வேண்டும் என்று ஆசானிடம் சொன்னேன். வைத்தார். கிழக்கேக்கோட்டையில் வண்டி அணைந்தது. பின்னால் பஸ், ஹார்ன். மறுபடி அணைந்தது. பயம்தான், பொய் எதற்கு. ஆனால் ஒன்று. இது என் கால் அணைத்த வண்டி. பின்னாலிருந்து ஆர்யா: "ஆன்ட்டி, பதுக்கெ, மெதுவா விடு. கால்ல அது துடிக்கிறது தெரியும், அவிடே நிறுத்து." தெரிந்தது. உள்ளங்காலில் ஒரு அதிர்வு. மூன்று வாரமாக யாரும் இதை எனக்குக் காட்டவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மழை. மீன் நல்லதாகக் கிடைத்தது.

சாப்பிடும்போது கேட்டேன். ஆசானிடம் என்ன சொன்னீர்கள் என்று. இவர் குழம்பைத் தொட்டு நக்கி, "புளி கம்மியா இருக்கேட்டி" என்றார். விடவில்லை, மறுபடி கேட்டேன்.

"நீ எங்கயாவது கொண்டு இடிச்சா? எனக்கு யாரு இருக்கா?" அதோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். கோபமாகத்தான் இருந்தேன். அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் இறக்கிவிட்டது. அதையும் சந்தேகப்பட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

படுத்தபின் ஒரு ஞாபகம். கல்யாணமான மாதம், திருவிழாவில் ராட்டினம். நான் டிக்கெட் கவுண்டர் வரை போனேன். "வேண்டாம், நீ பயந்துருவ" என்று இழுத்து வந்தவர் இவர். வீட்டில் வந்து எல்லாரிடமும் "இவ ஒரு பேடித்தொண்டி." எல்லாரும் சிரித்தார்கள், நானும். நான் பயப்படுகிறேனா என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன், இத்தனை வருஷமாக.

சு.விடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன்மேல் உள்ள சந்தேகம் முழுக்கத் தீரவும் இல்லை. வயிறு, டயர் எல்லாம் அவன் சொன்னதுதானே.

ஜூன் 19, வியாழன்

டெஸ்ட். வானம் மூடியே இருந்தது, பெய்யவில்லை.

ஆசான் கடைசி நேரத்தில் காதருகே: "சேச்சி, பின்கண்ணாடில ஸ்டிக்கர் ஒட்டிட்டுண்டு. ரெண்டாவது கம்பி ஸ்டிக்கர்ல வரும்போ ஸ்டியரிங் ஃபுல் ஒடிச்சோ. வேற ஒண்ணும் ஆலோசிக்கண்டா." ஒன்றும் யோசிக்க வேண்டாமாம். எனக்கு முன்னால் போன மூன்று பேரும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் ஒடித்தார்கள். இரண்டு பேர் கம்பியைத் தட்டினார்கள். ஸ்டிக்கரை ஒட்டியவர் உயரம் வேறு, நான் குள்ளம். கம்பி எங்கே தெரியும் என்று அந்த ஸ்டிக்கருக்கு என்ன தெரியும்?

கழுத்தைத் திருப்பினேன். கம்பியையே பார்த்தேன். காலில் அந்தத் துடிப்பு வந்த இடத்தில் நிறுத்தி, எறும்பாக ஊர்ந்தேன். ஆபீசர் வாட்சைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன். எந்தக் கம்பியும் விழவில்லை. வண்டி அணையவில்லை.

ரோடு டெஸ்டும் பாஸ். ஆர்யாவும் பாஸ். ஆசான்: "சேச்சி சூப்பர்." இந்தத் தடவை மட்டும் நம்பினேன்.

ஜூலை 1, செவ்வாய்

லைசன்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். சு.விடம் சாவியைக் கேட்டேன். உடனே கொடுத்தான், "இனி கொஞ்சம் தூங்கலாம் மதினி" என்றான். அப்படியானால் இத்தனை நாளும் தூக்கம்தானா? இருக்கலாம்.

ஜூலை 2, புதன்

முதல் நாள். இருட்டு விலகவில்லை, மழையும் இல்லை. பாத்திரங்களை ஏற்றித் திரும்பினால் பக்கத்து சீட்டில் இவர். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. "சும்மா காத்து வாங்கலாம்னு" என்றார். இவர் காற்று வாங்கி நான் பார்த்ததில்லை.

பட்டம் ஜங்ஷனில் ஒரு பைக் குறுக்கே. பிரேக் பிடித்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் இவர் வலது கால் விறைத்து, வெறும் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே மிதியே கிடையாது.

"காலைத் தூக்கி சம்மணம் போட்டு உக்காருங்க."

"எதுக்குட்டி?"

"உக்காருங்க."

செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார், பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர் மாதிரி. ஸ்ரீகார்யம் ஏற்றத்தில் ஒரு லாரி பின்னால் ஹார்ன் அடித்தபோது கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

ஹாஸ்டல் கேட் இன்னும் பூட்டிக் கிடந்தது, அவ்வளவு சீக்கிரம். ஹார்ன் அடித்தேன். வாட்ச்மேன் சாவியோடு வருவதற்குள் இவர் மெதுவாக, "இப்ப காலை எறக்கலாமாட்டி?" என்று கேட்டார்.