நான் விட்ட கரடி

இரங்கூன், பபேடான்
அட்சய வருஷம் ஐப்பசி 22

சிரஞ்சீவி குழந்தைவேலுவுக்கு உன் சித்தப்பா ராஜரத்தினம் அனேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் சித்தி மீனம்மாளும் சுகமே. அவ்விடம் உன் உடம்பு சுகந்தானா என்று கேட்க வேண்டிய இடத்தில் உன் மூளை சுகந்தானா என்று கேட்கும்படி வைத்துவிட்டாய். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜைனப் பீவியின் கோழி மூன்று நாளாக முட்டையிடவில்லை, தெருமுனையில் டிராம் வண்டி தானாக நின்றது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மடையா, நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? கத்தா காட்டில் தேக்கு மரத்துக்கு முத்திரை குத்தப் போன இடத்தில் யானைக்காரன் ஒருவன் மேல் கரடி பாய்ந்து முகத்தைப் பிய்த்துவிட்டது, ஆகையால் மேல் ஓடைக்குப் போகிற ஆட்களுக்கெல்லாம் துரை இரட்டைக்குழல் துப்பாக்கி கொடுத்தார், நான் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், என் சித்தப்பா த்வாண்டேயில் கரடியைச் சுட்ட துப்பாக்கியே என்னிடம் இருக்கிறது, அவர் கைராசி போதும் என்று மார்தட்டி எழுதியிருக்கிறாய். கைராசியாம்! துரை தானாக நீட்டிய துப்பாக்கியை வேண்டாம் என்று சொன்ன முதல் தமிழன் நீயாகத்தான் இருப்பாய். உன்னை எட்டு வயதிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தது இதற்குத்தானா?

அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற பர்கத்துல்லா கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கடையில் இருந்த பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள். நம் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னேன், ஒற்றைக்குழல், வாய்வழியாக மருந்து போட்டுக் குச்சியால் இடித்து, மேலே கேப்பு வைத்துச் சுடுவது என்று. அந்த மனிதன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான் பார், எனக்கு வந்த கோபத்தில் அவன் மேசையை இரண்டாகப் பிளந்திருப்பேன், வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன். "மேஸ்திரி, அதால சுட்டா கரடி கொசு கடிச்சிருச்சுன்னு சொறிஞ்சுக்கும். நீங்க மறுபடி மருந்து இடிக்கிறதுக்குள்ள அது உங்கள இடிச்சிரும்" என்றான். நன்றாகக் கேட்டுக்கொள். கரடிக்குப் பன்னிரண்டாம் நம்பர் இரட்டைக்குழல்தானாம். இரண்டு குழலிலும் பறவை சுடுகிற சின்னச் சன்னத்தைப் போடாமல் ஒற்றை ஈயக் குண்டு போட்ட தோட்டா போட வேண்டுமாம். தூரத்தில் தெரிகிற கரடியைச் சுடவே கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும். மேலே வந்து விழுகிற கரடிக்குத்தான் குண்டு, அதுவும் பத்து எட்டு வைக்கிற தூரத்துக்குள், தலையைக் குறி பார்க்காமல் நெஞ்சைப் பார்த்து. விழுந்த கரடிக்குப் பக்கத்தில் போகுமுன் மறுபடி இரண்டு தோட்டாவும் போட்டுக்கொள்ள வேண்டும். மழைக்காட்டில் நம் துப்பாக்கியில் மருந்து நமுத்துப்போகும், அப்போது அது உலக்கை, உலக்கையாவது கனமாக இருக்கும் என்று அதற்கும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து பர்கத்துல்லாவைத் திட்டினேன், துரையைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன். உன் சித்தி அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஊரெல்லாம் ஏன் திட்டறீங்க? பதினாலு வருஷமா நீங்க விட்ட கரடிதான் இப்போ பிள்ளையைக் கடிக்கப் போகுது" என்றாள். என்னை எதிர்த்து இப்படி ஒரு வார்த்தை பேச, கப்பல் சரக்கு இறக்குகிற ஜெட்டியில் நானூறு ஆட்களில் ஒருவனுக்குத் தைரியம் கிடையாது, தெரியுமல்லவா. ஆனாலும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவள் மேல் கோபம், உன் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே இன்னொருவன் மேல் கோபம், அவன் யார் என்று கீழே எழுதுகிறேன்.

அட முட்டாளே, இத்தனை படித்தாயே, த்வாண்டேயில் ஏதடா கரடி? பானை வனைகிற ஊர், சுற்றிலும் நெல் வயல், கரடி அங்கே என்ன சட்டி வாங்கவா வரும்? ஒரு நாளாவது யோசித்தாயா? அங்கே கால்வாய் அகலப்படுத்துகிற வேலையில் நான் இருந்தபோது, பொழுது சாய்கிற நேரத்தில் குடிசைக்குப் பின்னால் ஏதோ உறுமியது. சுட்டேன். ஊர்த் தலைவர் உ போ தின் ஓடிவந்து "வெத்! வெத்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பர்மாக்காரர் பேச்சில் வெத் என்றால் பன்றி, வெத்வுன் என்றால் கரடி, உனக்குத் தெரியும். எனக்கும் அன்றைக்கே தெரியும். மறுநாள் நம் ஆட்கள் என்ன சுட்டீர்கள் மேஸ்திரி என்று கேட்டபோது அந்த ‘வுன்’னை நான்தான் சேர்த்தேன். நான் கூட்டியது அந்த ஒரே ஓர் அசைதான், அதற்கு அப்புறம் கூட்ட வேண்டிய வேலையே இல்லை, கேட்டவர்களே கூட்டிக்கொண்டார்கள். உன் கழுத்தில் வெள்ளியில் கட்டிப் போட்டிருக்கிறேனே, அது கரடிப் பல் அல்ல, பன்றிக் கொம்பு. என் முழங்கையில் இருக்கிற தழும்பு மூங்கில் வேலி கீறியது. இதையெல்லாம் நம்பி எட்டு வயதில் வாயைப் பிளந்து கேட்டாய், சரி. இருபத்திரண்டு வயதிலும் அதே வாயோடு காட்டுக்குப் போவாய் என்று நான் கண்டேனா? நான் சொன்ன அந்த இன்னொருவன் யாரென்று இப்போது தெரிந்துகொள். ஆனாலும் ஒன்று, அது லேசான பன்றி இல்லை, கன்றுக்குட்டி உயரம், சீறிக்கொண்டு நேரே என் மேல் பாய்ந்தது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் நீ மேல் ஓடைக்குப் புறப்படுகிற ஐப்பசிக் கடைசிக்குள் வந்து சேருமோ சேராதோ என்று, கத்தா ரயில் வண்டியில் வேலை பார்க்கிற குப்புசாமி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு துரையிடம் போ. வெட்கப்படாதே. ஏன் மனசு மாறினாய் என்று கேட்டால் இதையே வாசித்துக் காட்டு. துரைக்கு வாசி, யானைக்காரர்களுக்கு வாசி, குப்புசாமி இரங்கூனுக்குத் திரும்பி வந்து ஜெட்டி முழுக்கச் சொன்னாலும் சொல்லட்டும். தன்லியினில் உன் தங்கை அம்சவேணிக்கு இது ஏழாம் மாதம். பிறக்கிற பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும், அந்த மடிக்கு மேலே ஒரு முழு முகமும் வேண்டும். பழனியாண்டவன் உனக்குத் துணையிருப்பான், துப்பாக்கியும் கூட இருந்தால் அவனுக்கும் கொஞ்சம் சுலபம். சளி பிடிக்காமல் தலையைத் துவட்டு. துப்பாக்கி கைக்கு வந்ததும் தந்தி கொடு, இரண்டு வார்த்தை போதும்.

இப்படிக்கு உன் மேல் தீராத கோபமும் பிரியமும் உள்ள சித்தப்பா,
ஜெட்டி மேஸ்திரி ராஜரத்தினம்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். அந்தப் பன்றி என் மேல் பாயவில்லை. உ போ தின் வளர்த்த பன்றி, கயிற்றில் கட்டிப் போட்டிருந்தது. முதல் குண்டு வாழை மரத்தில், இரண்டாவது எங்கே போயிற்றோ தெரியாது, மூன்றாவதில்தான் விழுந்தது. கட்டிப் போட்ட பன்றிக்கே மூன்று தரம் மருந்து இடித்த துப்பாக்கியடா அது. உன் கரடியை அங்கே யார் கட்டிப் போட்டிருக்கிறார்கள்?