அத்தை காரின் மூச்சு

மார்ச் 4

வாசல் சிமெண்டுத் தரையில் மறுபடியும் ஆயில் வட்டம். நேற்று சோப்புத் தூள் போட்டு முட்டி வலிக்கத் தேய்த்த அதே இடத்தில், சொல்லி வைத்தாற்போல. அத்தையின் கார் இரண்டு மாதமாக இப்படித்தான் ஒழுகுகிறது. அத்தை கவலைப்படுவதாகத் தெரியவில்லை. "முன்னெல்லாம் உள்ளே உட்கார்ந்தா ஆயில் வாடை தலையைப் பிளக்கும். இப்ப அது தானாவே நின்னுடுச்சு பாரு. இதுவும் நிக்கும்" என்கிறார். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு இந்த வைத்தியத்தை நான் எப்படி ஒப்புக்கொள்வது?

காருக்கு வயது இருபத்தாறு. அத்தைக்கு எழுபத்தொன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட வேண்டும் என்பது இவருடைய திட்டம். இவர் என்றால் என் கணவர், அத்தையின் ஒரே மகன். மாமியாருக்காகக் கணவரோடு மல்லுக்கு நிற்கும் மருமகள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 6

மெக்கானிக் வந்தார். புகையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் அத்தையைப் பாவமாகப் பார்த்தார். "பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சும்மா. எஞ்சினை இறக்கிப் பிரிக்கணும். இந்த வண்டிக்கு அது கட்டுப்படியாகாது."

இவருக்கு அது போதுமானதாக இருந்தது. சாப்பாட்டு மேசையிலேயே தீர்ப்பு. "இருபத்தெட்டாம் தேதி புகைச் சோதனை. பாஸ் ஆனா ஓடட்டும். இல்லைன்னா எடைக்குப் போட்டுடலாம். அதோட அம்மாவும் வண்டி ஓட்டுறதை நிறுத்திக்கணும்."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா தண்ணீர் ஜாடியின் மூடியைச் சரியாகப் பொருத்திக்கொண்டிருந்தார். மாமாவுக்குத் திறந்து கிடக்கும் எதையும் பார்க்கப் பொறுக்காது. பேனா, பற்பசை, குளியலறைச் சாக்கடை, நான் பாதி குடித்து வைத்த தேநீர், எல்லாவற்றுக்கும் ஒரு மூடி கண்டுபிடித்துவிடுவார். இன்றும் ஜாடியை மூடிவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு, எழுந்து போனார். டக், டக், டக். கைத்தடியின் அடி ரப்பர் எங்கேயோ விழுந்துவிட்டதாம். வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மார்ச் 7

கொடியில் நீச்சல் துண்டுகளைக் காயப்போடும்போது அத்தை சொன்னார். "கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா? ஜாடியைத் திருகிட்டு உட்கார்ந்திருக்கார்." அழவில்லை. ஆனால் துண்டை உதறிய வேகத்தில் கிளிப் பறந்து பக்கத்து வீட்டில் விழுந்தது.

கார் போனால் என்ன போகும் என்று இவருக்குப் புரியவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அத்தை மூன்று தோழிகளை ஏற்றிக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போவார். நாலு பேரும் தலை ஈரத்தோடு, ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்த்துத் திரும்பும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள். அந்த ஸ்டியரிங்கின் பின்னால்தான் அத்தை யாருக்கும் அம்மாவாகவோ மாமியாராகவோ இல்லாமல் இருக்கிறார். அதை எடைக்குப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 9

விடுமுறை. பானெட்டைத் தூக்கினேன். எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் ஆயில் அளவு பார்க்கும் குச்சி அதன் குழாயிலிருந்து இரண்டு விரற்கடை மேலே எழும்பி நின்றது. அழுத்தி வைத்துவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டினேன். திரும்ப எழும்பிவிட்டது. உள்ளே ஏதோ தள்ளுகிறது. உடம்புக்குள் அழுத்தம் ஏறினால் எங்கே தையல் பலவீனமோ அங்கே கசியும், இது எனக்குத் தெரியும்.

போனில் மூன்று வீடியோ பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது அதன் வயிற்றுக்குள் ஆவியும் புகையும் சேருமாம். அது வெளியேற ஒரு மூச்சுக் குழாய், நடுவில் கட்டைவிரல் அளவு வால்வு. மூச்சு அடைத்தால் ஆயில் கண்ட இடத்தில் பிதுங்கும், புகையும். அடடா, இதற்காகத்தானே மெக்கானிக் எஞ்சினை இறக்கச் சொன்னார்?

வால்வைக் கழற்றினேன். குலுக்கினால் கிலுகிலுக்க வேண்டுமாம். சத்தமே இல்லை. உள்ளே மஞ்சளும் கறுப்புமாகக் கெட்டிக் களிம்பு. பக்கத்திலிருக்கும் குளத்துக்கே போய் வந்துகொண்டிருந்தால் எஞ்சின் நன்றாகச் சூடாகாது, நீராவி ஆயிலோடு கலந்து இப்படித்தான் தேங்குமாம். குழாயையும் வால்வையும் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். மாமா வந்து பாத்திரத்தின் மேல் ஒரு தட்டை வைத்து மூடிவிட்டுப் போனார்.

மார்ச் 10

கிலுகிலுக்கிறது. வேலைக்குப் போகும் வழியெல்லாம் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டே போனேன்.

மார்ச் 12

நேற்று பொருத்தினோம். இன்று காலையில் தரை காய்ந்து கிடக்கிறது. அத்தை குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். விரலில் இருந்த தூசி அப்படியே என் கன்னத்தில். இவரிடம் காட்டினேன். "பார்க்கலாம்" என்றார். இவர் வாயிலிருந்து அதுவே பெரிய விஷயம்.

மார்ச் 15

போச்சு. எல்லாம் போச்சு. குளத்துலேர்ந்து திரும்பி வரும்போது, நம்ம தெருக்கோடி மேட்டுல ஏறும்போதுதான் — குச்சி பிடுங்கிட்டு வெளியே வந்து, பானெட் பூரா ஆயில். சூட்டுல ஒரே புகை. நாலு பேரும் ஈரத் தலையோட நடைபாதையில நிக்கறாங்க. யாரோ தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போயிட்டாங்களாம். இவரும் வந்தார். நான் தேய்க்கறதைப் பார்த்துட்டே நின்னார். அதுக்குத் திட்டியே தொலைச்சிருக்கலாம்.

வால்வு சுத்தமா இருக்கு. குழாய் சுத்தமா இருக்கு. அப்புறம் ஏன்?

மார்ச் 16

ஒரு விசித்திரம். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறக்கப் பார்த்தேன். வரவே இல்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல. பலம் கொடுத்துத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போயிற்று.

நின்றால் இழுக்கிறது. மேடேறினால் தள்ளுகிறது. உனக்கு என்னதான் வேண்டும் என்று காரிடம் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்.

மார்ச் 18

கண்டுபிடித்துவிட்டேன். அல்லது கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறேன்.

வார்டில் ஒரு மருந்து இன்னும் கண்ணாடி பாட்டிலில்தான் வருகிறது. இன்று அது சொட்டவில்லை. கண்ணாடி சுருங்காது, அதனால் மேலே காற்றுப் போக ஒரு ஊசி குத்த வேண்டும், இல்லாவிட்டால் மருந்து இறங்காது. இருபது வருடமாகச் செய்கிற காரியம். குத்தினேன். குமிழ் குமிழாகக் காற்று ஏறியது, மருந்து இறங்கியது. நான் ஊசியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இழுப்பதற்கு ஒரு குழாய் என்றால் காற்று வர இன்னொரு குழாய் இருந்தாக வேண்டும். மேட்டில் வால்வு திணறும்போது ஆவி வெளியேறுவதும் அந்த இரண்டாவது குழாய் வழியாகத்தான். நான் ஒரு குழாயைத்தான் பார்த்தேன்.

"என்ன சிஸ்டர், தனியா சிரிக்கறீங்க?" என்று கட்டிலில் இருந்தவர் கேட்டார். "எங்க அத்தை காருக்குக் காத்து ஊசி போடணும்" என்றேன். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மார்ச் 19

இதை நிதானமாக எழுத வேண்டும். சிரித்துச் சிரித்து எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது.

டார்ச்சோடு பானெட்டுக்குள் தலையை விட்டேன். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஒரு தடித்த குழாய் எஞ்சினின் பின்பக்கம் போகிறது. போகிறதே தவிர எங்கேயும் சேரவில்லை. வாய் வெடித்து அந்தரத்தில் தொங்குகிறது. அது சேர வேண்டிய இடத்தில் எஞ்சினின் தலையில் ஒரு குட்டைக் குழாய். அதற்குக் கறுப்பு ரப்பர் மூடி. அவ்வளவு கச்சிதம். தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மெக்கானிக்கும் நினைத்திருப்பார், நானும் முதல் தடவை நினைத்தேன்.

பிடுங்கித் துடைத்துப் பார்த்தேன். அடியில் வட்டம் வட்டமாக வரிகள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது, தரையில் ஊன்றி ஊன்றித் தேய்ந்த மாதிரி.

பின்னால் டக், டக், டக்.

"மாமா, இது உங்களுதா?"

"ஆமாம்மா."

"இங்க எப்படி வந்துச்சு?"

"திறந்து கிடந்துச்சு. மூடினேன்."

அவ்வளவுதான், பற்பசையைப் பற்றிச் சொல்வது போல. கிளறிக் கிளறிக் கேட்ட பிறகுதான் மிச்சம் வந்தது. "வண்டியை ஓட்டிட்டு வந்தாலே வாடை, தலைவலின்னு படுத்துக்குவா. ஒரு நாள் அவ தூங்கும்போது பானெட்டைத் திறந்து பார்த்தேன். அந்தக் குட்டைக் குழாய்லேர்ந்துதான் வாடை. வீட்டுல இருக்கற மூடியெல்லாம் வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் நிக்கலை. இதுதான் உட்கார்ந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே மாமா."

"வாடை வருதுன்னு இவன் காதுல விழுந்தா அன்னிக்கே வண்டியை வித்திருப்பான். அவளும் ஆசையா ஓட்டிட்டிருக்கா."

இரண்டு மாதமாக இந்த மனிதர் வழுக்கும் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். புது ரப்பர் வாங்கினால் பழையது எங்கே என்று அத்தை துருவுவார் என்ற பயம் வேறு. அன்றைக்கு மேசையில் வாயைத் திறக்காததும் அதனால்தான். பேசினால் வாடைப் பேச்சும் வெளியே வந்துவிடும் என்று.

எஞ்சினுக்கு அது மூச்சுக் குழாய் என்று விளக்கினேன். கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல இரண்டு தடவை சொன்னேன். மாமாவின் முகம் சுண்டிவிட்டது. "அப்ப நான்தான் அடைச்சுட்டேனா?" எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்து அவரும் சிரித்தார், கைத்தடி ஆட ஆட.

சத்தம் கேட்டு அத்தை வந்தார். நான்தான் கதையைச் சொன்னேன். அத்தை அந்த ரப்பரை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பிடித்துக்கொண்டார். "கீழே விழுந்திருந்தீங்கன்னா? இடுப்பு முறிஞ்சிருந்தா? இந்த வயசுல எலும்பு கூடுமா? அறிவு வேணாம்?" காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டி முடித்து உள்ளே போனவர் சமையலறையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது, "எனக்காகப் பேசலை பேசலைன்னு சொன்னேனே" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததாக ஞாபகம் இல்லை.

மார்ச் 20

புதுக் குழாய், இரண்டு கிளிப். குழாயைச் சேர்த்து இறுக்கினேன். மாமா டார்ச் பிடித்தார். முடிந்ததும், "இது திறந்தேதான் இருக்கணுமா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

மார்ச் 22

தெருக்கோடி மேடு. அத்தை ஓட்ட, நான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு. மாமாவையும் கூப்பிட்டோம். நடப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று வழக்கம் போலச் சொல்லிவிட்டு வாசலில் நின்றார். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அந்தக் காரில் ஏறிப் பார்த்ததில்லை.

ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மறுபடி ஏறினோம். பானெட்டைத் தூக்கினால் குச்சி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அத்தை நடுத்தெருவில் ஹார்ன் அடித்தார். வாசலில் மாமா கைத்தடியைத் தூக்கிக் காட்டினார்.

மார்ச் 28

பாஸ்.

சோதனை நிலையத்துக்கு இவரும் வந்தார், தோல்வியை நேரில் பார்க்கலாம் என்று. முடிவைத் திரையில் இரண்டு தடவை படித்தார். பிறகு அம்மாவிடம், "திங்கட்கிழமை என்னை ஸ்டேஷன்ல விடறியாம்மா?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்றார் அத்தை, அச்சு அசல் இவர் குரலில்.

திரும்பும் வழியில் மெக்கானிக்கிடம் நிறுத்தி ரப்பரைக் காட்டினோம். நெற்றியில் அடித்துக்கொண்டார். "கம்பெனி மூடின்னு நினைச்சேனேம்மா" என்று அவர் சிரித்த சிரிப்பில் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டது.

மார்ச் 29

அத்தை காரை எடுத்துக்கொண்டு போய் மாமாவுக்குப் புது ரப்பர் வாங்கி வந்தார். ஒன்றல்ல, ஆறு. "எதையாவது மூடணும்னு தோணினா இதுல எடுத்துக்கோங்க. தடியில இருக்கறதைக் கழட்டாதீங்க."

பழையது ஆயிலில் ஊதிப்போய்விட்டது. அத்தை அதைத் தூக்கிப் போடவில்லை. காரின் முன்பெட்டியில், அவருடைய கறுப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 2

காலையில் அத்தை நீச்சல் பையோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "உங்க மாமா எங்கே? சொல்லாம எங்கேயும் போக மாட்டாரே." புது ரப்பர் வந்ததிலிருந்து மாமா எந்த அறையில் இருக்கிறார் என்று காதால் கண்டுபிடிக்க முடிவதில்லை. மாடி, தோட்டம், குளியலறை, எங்கும் இல்லை.

காரில் இருந்தார். முன் இருக்கையில், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி.

"இங்க என்ன பண்றீங்க?"

"வாடை வருதான்னு பார்க்கறேன்."

அத்தை சுற்றி வந்து ஏறி எஞ்சினைக் கிளப்பினார். இரண்டு பேரும் நேராகப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார்கள்.

"வருதா?"

"இல்லை."

"அப்ப இறங்குங்க, எனக்கு நேரமாச்சு."

"மேட்டுல ஏறும்போது வந்தாலும் வரலாம். நீ போ."

அத்தை என்னைப் பார்த்தார். நான் ஆயில் வட்டம் இருந்த தரையை மும்முரமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ந்து கிடந்தது. கார் கிளம்பி மேட்டில் ஏறியது, சத்தம் சீராக. மாமாவின் பக்கத்து ஜன்னல் கண்ணாடி முழுக்கத் திறந்திருந்தது.