பிடிமண் வேண்டாம்

கருப்பசாமி துணை

பதுளைக் கடைத்தெரு,
துந்துபி வருஷம், தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி அங்கமுத்துவுக்கு உன்னைப் பெற்ற வள்ளியம்மை மனதார ஆசீர்வதித்துச் சொல்லி எழுதுவித்தது. இவ்விடம் நானும் உன் அண்ணன் வேலாயுதமும் அண்ணி பாக்கியலெட்சுமியும் அவர்கள் பிள்ளையும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், எனக்கு முழங்கால் வலியும் உன் மேல் கோபமும் தவிர வேறு நோய் இல்லை. அக்கரையில் உன் அப்பா பிறந்த ஊரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுக் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்கிறாயா என்று எழுது. கடிதத்தின் தலையில் கருப்பசாமி துணை என்று போடச் சொன்னேன், எந்தக் கருப்பு என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் தோட்டத்திலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதத்தை வழக்கம் போல மொஹிதீன் பாய் துணிக்கடையில்தான் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பாதி வரைக்கும் நன்றாகப் படித்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார், கடையில் நாலு பேர் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் காதில் விழ வேண்டாம் என்று நினைத்திருப்பார். சத்தமாகவே படிங்க பாய், நான் ஒண்ணும் களவெடுத்தவ இல்ல என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குப் பதில் எழுத உட்கார்ந்ததும், அந்த ஊரில் அங்கமுத்து என்று எத்தனை பேரோ, உறையின் மேல் யார் மகன் என்று போட வேண்டும் என்றார். நான் எப்படி என் வாயால் சொல்வேன், கூட வந்த பாக்கியலெட்சுமியும் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள், இரண்டு பேருமாக எதிர்க் கடைச் சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தைக் காட்டினோம். விநாயகமா என்றார், இல்லை என்று தலையாட்டினோம், விக்கினேசுவரனா என்றார், கடைசியில் அவராகவே கண்டுபிடித்து எழுதுவதற்குள் சேலை பார்க்க வந்தவர்களெல்லாம் சிரித்து முடித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், ஆனால் நீ எழுதியிருந்ததை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

உன்னை நான் எதற்காக அனுப்பினேன் என்பது உனக்கு மறந்திருக்காது. உன் அப்பா கண்ணை மூடும் முன் உன் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம கருப்பு இங்க வரணும்டா, ஒரு பிடி மண்ணு கொண்டாந்து வையி என்று கேட்டார். குலசாமி கோயிலில் ஒரு கைப்பிடி மண்ணெடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வந்து வைத்தால் சாமியும் கூடவே வந்துவிடும் என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். உன் அண்ணன் பிள்ளைக்கும் அதற்காகவே முதல் முடி இறக்காமல் வைத்திருந்தோம், மூன்று வயதாகிவிட்டது, முடி கண்ணை மறைத்துப் பிள்ளை தூணில் முட்டிக்கொள்கிறது, சீவ உட்கார்ந்தால் லயத்து வரிசை வீடு அத்தனைக்கும் கேட்கிறது அதன் அழுகை. இதற்காகப் போன உன்னை உன் சித்தப்பா வீட்டில் களத்து மேட்டில் உட்கார வைத்துத் தனி இலையில் சோறு போடுகிறார்களாம், கடல் தாண்டியவன் மகன் என்பதால் உள்ளே விடுவதில்லையாம், அதையும் நீ ஏதோ வெயில் அடிக்கிறது மழை பெய்கிறது என்பது போல எழுதியிருக்கிறாய். அவர்களுக்கு வெட்கம் வராதது ஆச்சரியமில்லை, உனக்குக் கோபம்கூட வரவில்லையே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு பங்காளிகள் கூடிச் சொன்னது. மண் தருவார்களாம், ஆனால் அந்த மண் வைக்கிற கோயில் எல்லைக்குள் நான் கால் வைக்கக் கூடாதாம். நான் வேறு சாதிக்காரியாம், மலையில் ஒதுங்கியவளாம், எனக்குக் கட்டிய தாலி தாலியே இல்லையாம், உன் அப்பாவுக்குப் பெண்சாதி என்று யாரும் கிடையாதாம். பிள்ளைகளை மட்டும் போனால் போகிறதென்று சேர்த்துக்கொள்வார்களாம். இதையெல்லாம் கேட்டும் எனக்குக் கண் கலங்கவில்லை. அதன் கீழே நீ எழுதியிருந்தாயே, வருஷத்தில் ஒருநாள் எல்லைக்கு வெளியே நின்று கும்பிட்டால் போயிற்று, கொஞ்சம் பொறுத்துக்கொள் அம்மா என்று, அதைப் பாய் படித்தபோதுதான் அழுதேன். கடையிலேயே, எல்லார் எதிரிலும்.

நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது? தாது வருஷப் பஞ்சத்தில் சோறில்லாமல் கிளம்பிய கூட்டத்தில்தான் உன் அப்பாவும் வந்தார், என் அம்மாவும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தபோது பேதியில் விழுந்தவர்களை வழியிலேயே போட்டுவிட்டு நடந்தார்கள், அதில் என் அம்மாவும் ஒருத்தி, யாரோ பெற்ற பிள்ளை என்று என்னைத் தூக்கி வந்தவர்கள் என்ன சாதி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வழியில் யாரும் யாரிடமும் சாதி கேட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு கோப்பிச் செடியில் நோய் விழுந்து தோட்டம் தோட்டமாகச் செத்தது, துரைமார் கப்பலேறிப் போனார்கள், கங்காணிகள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள், உன் அப்பா போகவில்லை. போனா அங்கயும் பசிதான், இங்கயும் பசிதான், இங்க நீ இருக்க என்று என்னிடம் சொன்னார். பூட்டிக் கிடந்த கோப்பி ஸ்டோர் வாசலில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை என் கழுத்தில் கட்டினார், இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பங்காளிகள் அப்போது எங்கே இருந்தார்கள்? செத்த கோப்பி வேரைத் தோண்டி எடுத்துவிட்டு அதே குழியில் தேயிலை நட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி. உன் கடிதம் கேட்டு வந்த மறுநாள் தர்மலிங்கக் கங்காணி லயத்துக்கு வந்து, ஒத்துக்கிட்டுப் போ வள்ளியம்மா, ஒதுங்கி நின்னா கொறைஞ்சா போயிடுவ என்றார். ஒதுங்கி நின்றது போதும் என்றேன். மண் அங்கேயிருந்து வர வேண்டாம், இங்கேயே எடுக்கிறேன் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. உன் அப்பாவைப் புதைத்த மேட்டிலிருந்து எடுக்கப் போகிறேன் என்றதும் காதைப் பொத்திக்கொண்டார், செத்த குழி மண்ணுல சாமி வைக்கிறதா, அதுவும் தாலியறுத்த பொம்பள கையால எடுக்கிறதா என்று கத்தினார். அங்க இருக்கிற கருப்பு மட்டும் சாகாமலா சாமியானாரு, அவரும் ஒரு காலத்துல ஊருக்குக் காவல் நின்னு செத்த மனுசன்தானே என்று கேட்டேன்.  காதிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாக, சாமி இங்க வந்துட்டா அப்புறம் ஊருக்கு யாருதான் போவா என்றார். அவருடைய பயம் அதுதான், அவர் அக்கரைக்குப் போய்த் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு வருகிறவர். அப்படிக் கேளுங்க, சாமி இருக்கிற இடந்தானே ஊரு என்று சொல்லிவிட்டு நான் அடுப்பு மூட்டப் போய்விட்டேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை விடியற்காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் மேட்டுக்குப் போனோம். நான்தான் மண்ணெடுத்தேன், ஒரே ஒரு பிடி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டேன். பழைய கோப்பி ஸ்டோரின் வாசற்படிக் கல் புல்லுக்குள் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் அதன் மேல் ஏறிக் குதிப்பாய், அதை உன் அண்ணனும் லயத்து ஆட்கள் நாலு பேருமாகப் புரட்டி ஆற்றோரம் கொண்டு வந்தார்கள். எத்தனை பேர் மிதித்த கல், அதைப் போய்ச் சாமி என்கிறாயே என்று ஒருத்தி கேட்டாள், மிதிபட்டது போதும் என்றுதான் நிமிர்த்துகிறோம் என்றேன். அடியில் அந்த மண்ணை வைத்துக் கல்லை நிறுத்தி நானே மஞ்சள் நீர் ஊற்றினேன், பொட்டு வைத்தேன், உன் அப்பா குடிக்கிற சுருட்டையே படைத்தேன், வேலாயுதம் சேவல் அறுத்தான். கொஸ்லந்தையிலிருந்து வந்த தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்து முடி இறக்கினோம், அது கதறிய கதறலில் கருப்புக்குத் தூக்கம் கலைந்திருக்கும். இப்போது மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு லயமெல்லாம் சுற்றுகிறது. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தர்மலிங்கக் கங்காணி எல்லாரும் போன பிறகு வந்து திருநீறு எடுத்துக்கொண்டதாகப் பாக்கியலெட்சுமி சொன்னாள், நான் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

துரை சும்மா விடவில்லை. அடுத்த நாள் குதிரையில் வந்தவர் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு யாரைக் கேட்டுக் கல் நட்டார்கள் என்று சத்தம் போட்டார்.  நான் கொழுந்துக் கூடையோடு முன்னால் போய், துரைக்குச் சொந்தமான செடி ஒன்றையும் பிடுங்கவில்லை, ஆற்றோரத்துப் பாறையில்தான் வைத்திருக்கிறோம், இந்த மலையை வெட்டித் திருத்தியவர் பேரால் வைத்த கல், எடுக்க மாட்டோம் என்றேன். கணக்கப்பிள்ளை அதை எப்படித் திருப்பிச் சொன்னாரோ, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்துச் செடி வெட்டும் கவ்வாத்து வரைக்கும் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று போய்விட்டார். கவ்வாத்து வரட்டும், நாமும் பார்ப்போம். கங்காணி துண்டு எழுதித் தந்தால்தான் தோட்டம் மாறலாம் என்ற காலம் போய்விட்டது, அந்தக் கல்லைத் தொட்டால் லயமே கிளம்பும் என்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இரண்டு இரவு தூக்கம் வரவில்லை, ஆனாலும் வாய் திறந்து பேசியதற்காக வருத்தப்படவில்லை.

ஆகையால் மகனே, அந்த மண்ணை நீ இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டுக் கும்பிட்டுவிட்டு வா. அந்தச் சாமி மேல் எனக்குக் கோபம் இல்லை, அது என்ன செய்யும், அதற்கு வாசல் கட்டியவர்களைத்தான் சொல்கிறேன். என்னைத் தள்ளிவைக்கச் சொல்லும் மண் நம் தோட்டத்துக்கு வந்தால் அந்த மண்தான் எல்லைக்கு வெளியே நிற்கும், நான் நிற்க மாட்டேன். வெறுங்கையோடு வருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சித்தப்பா வீட்டில் பெண் பேசுவதாக ஒரு வரி எழுதியிருந்தாய், பெண்ணைப் பிடித்திருந்தால் கட்டிக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன், மாமியார் யார் என்பதை மட்டும் அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அவளும் என்னைப் போல வாயுள்ளவளாக இருந்தால் சந்தோஷம். அங்கேயே இருந்துவிடுவது என்று உன் மனம் சொன்னால் அதையும் நேராக எழுது, அழுதுவிட்டுப் போகிறேன், ஆனால் களத்து மேட்டில் உட்கார்ந்து சாப்பிடாதே, நீ யாருக்கும் குறைந்து பிறக்கவில்லை.

வருவதானால் கப்பலேறும் முன் மண்டபம் முகாமில் ஊசி போடுவார்கள், முரண்டு பிடிக்காமல் கையைக் காட்டு. ரயில் இன்னும் பதுளைக்கு வரவில்லை, பாதை போடுகிறார்கள், தெமோதரையில் இறங்கிக்கொள். பனி அதிகம், கம்பளியைப் பெட்டிக்குள் வைக்காமல் போர்த்திக்கொண்டு வா. எண்ணெய் தேய்த்துக் குளி. கருப்பு உன்னைக் காப்பாற்றட்டும், நூறு வயது இருப்பாய், உன் தலை நிமிர்ந்தே இருக்கட்டும்.

ஒன்றை மறக்காதே. பங்காளிகள் எல்லாரும் கூடியிருக்கும்போது இந்தக் கடிதத்தை அவர்கள் முன்னால் உரக்கப் படி, ஒரு வரி விடாமல், கீழே கையெழுத்து வரைக்கும் படி. கையெழுத்தில் யார் என்று போட வேண்டும் என்று மொஹிதீன் பாய் என்னைக் கேட்டார். இந்த முறை நான் படத்தைக் காட்டவில்லை. கட்டின நாளிலிருந்து ஒரு தடவை கூடச் சொல்லாத பெயரைக் கடைக்கு நடுவில் நின்று வாய் திறந்து சொன்னேன், பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், எழுதுங்க பாய் என்றேன்.

இப்படிக்கு,
கணபதியின் பெண்சாதி
வள்ளியம்மை