சொல்லித்தராத ஊர்

மார்ச் 3
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பெரியதாழைக்கு பஸ். எம்.எஸ்ஸி. நர்சிங் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு. இரண்டு ஊர். ஒன்றில் தேர்வு, பாடம், மறு தேர்வு. பெரியதாழையில் பாடம் மட்டும் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க. மறு தேர்வு முடிந்த பிறகுதான் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கைடு மேடம் கிளம்பும்போதே சொன்னார்: "அங்க வாயைத் திறந்துடாதம்மா. டேட்டா கெட்டுப்போகும்."

இன்று முதல் தேர்வு. கடைசியாக வந்தவர் ரோஸ்லின் அக்கா, கருவாடு விற்பவர். சர்க்கரை எக்கச்சக்கம். காலில் முள் குத்தினாலும் தெரியாதாம். பாதிக்கு மேல் தப்பான பதில். எழுந்து போகும்போது சொன்னார்:

"மவன் கப்பல்ல இருந்து சுகமா வரணும்னு நேந்திருக்கேம்ளா. வெள்ளிக்கிழம மணப்பாட்டுக் கோயிலுக்கு நடந்து போறேன். செருப்பு போடக் கூடாது பாத்துக்க."

என் பாடத்தில் முதல் வரியே வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்பதுதான். "நல்லபடியா போய்ட்டு வாங்கக்கா" என்றேன். சுண்டல் கொடுத்தார். தின்றேன்.

மார்ச் 4
புள்ளியியல் வகுப்பு. மண்டையில் ஏறவில்லை. ரோ. அக்காவுக்கு ஒரு போன் போதும். நம்பர் இருக்கிறது. ஆனால் ஒருவரிடம் சொன்னால் தெருவே கேட்கும், ஆய்வு அம்போ. படிப்பு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். வேலையில் லீவு போட்டுப் படிக்கிறவள் நான்.

துணி ஊறவைத்தது மறந்தே போச்சு. நாறுகிறது.

மார்ச் 6, வெள்ளி
மதியம். ரோட்டில் தார் இளகிக் கிடக்கிறது. போன் செய்யவில்லை.

மார்ச் 21
பெரியதாழை, மறு தேர்வு. ரோ. அக்காவின் வலது காலில் பழைய சேலைத்துணிக் கட்டு. மணப்பாடு போய் வந்ததிலிருந்து கொப்புளமாம். வலி இல்லை, அதனால் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. மஞ்சள் பூசியிருக்கிறார்.

கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் கட்டை அவிழ்த்தேன். எழுதவே கூசுகிறது. சுண்டுவிரல் கறுத்து, சீழ். ஆட்டோ பிடித்து நானே கூட்டிக்கொண்டு போனேன்.

மார்ச் 23
கைடு மேடத்திடம் தாள்களைக் கொடுத்தேன். "இந்த ஊர்ல மார்க் ஏறவே இல்ல. நல்ல சுத்தமான டேட்டா!" ஒரே சந்தோஷம். ரோ. அக்காவைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"அவங்க வெறுங்காலோட நடக்கப் போறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"ஆபத்துன்னா ஆய்வை விட்டுட்டுச் சொல்லணும்மா. அந்த ஒருத்தரை நீக்கிட்டா போதுமே. எத்திக்ஸ் கிளாஸ்ல படிச்சதுதானே? என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

படித்ததுதான். எத்திக்ஸ் பரீட்சையில் நல்ல மார்க் வேறு. மேடம் மேல் போடலாம் என்று இத்தனை நாளாக வைத்திருந்த பழியும் போயிற்று.

மார்ச் 25
ரோ. அக்காவுக்குச் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மகன் கப்பலிலிருந்து போன் செய்து அழுதானாம். பார்க்கப் போனேன். ஆரஞ்சு, ரொட்டி.

பக்கத்துக் கட்டில் அம்மா கேட்டார்: "படிச்ச பிள்ளைய எல்லாம் ஊருக்குள்ள வாராவளே, செருப்பு போடுன்னு ஒருத்தியும் சொல்லலியா?"

ரோ. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஆவும்னு இந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருந்திருக்கும்?"

குனிந்து தலையணையைச் சரிசெய்தேன்.